வெனிஸில் போட்டி, பாங்காக்கில் கத்தரி: ஒரு தாய்லாந்துப் படம் ஊர் திரும்பிய கதை

இந்த ஆய்வில் ஆட்களின் பெயர் கிடையாது. இயக்குநரை இயக்குநர் என்றும் அதிகாரியை அதிகாரி என்றும்தான் எழுதியிருக்கிறேன். படத்தின் பெயரை மட்டும் மறைக்க முடியாது. தாய்லாந்து மொழியில் ‘சேங் சத்தவத்’, அதாவது நூற்றாண்டின் ஒளி. வெளிநாடுகளில் ‘சிண்ட்ரோம்ஸ் அண்ட் எ செஞ்சுரி’. 2006இல் வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்ட படம், பாங்காக் தியேட்டருக்கு வந்து சேர்ந்தது 2008 ஏப்ரலில். வந்த கோலம் வேறு.

விருதுப் போட்டிகளுக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. வெளியில் பேர் வாங்கிவிட்டால் உள்ளூரில் யாரும் கை வைக்கத் தயங்குவார்கள் என்பது அது. அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டேன்.

## பின்னணி

இயக்குநர் வடகிழக்குத் தாய்லாந்தின் கோன் கேன் நகரில் வளர்ந்தவர். அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். 2002இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில், பிரதானப் போட்டிக்கு அடுத்ததான ‘அன் செர்ட்டன் ரிகார்ட்’ பிரிவில் அவருடைய படம் முதல் பரிசு பெற்றது. 2004இல் அடுத்த படம் கான் பிரதானப் போட்டிக்கே போய் நடுவர் பரிசோடு திரும்பியது. அந்தப் போட்டியில் இடம்பெற்ற முதல் தாய்லாந்துப் படம் அதுதான்.

ஊரில் நிலைமை வேறு. அன்றைக்குத் தாய்லாந்துத் தியேட்டர்களை நிரப்பியவை பேய்ப் படங்களும் காமெடிகளும் ராஜா காலத்துப் போர்ப் படங்களும். இவருடைய 2002 படம் உள்ளூரில் ஓடியபோது உடலுறவுக் காட்சிகள் வெட்டப்பட்டிருந்தன. ஆக, கத்தரி அவருக்குப் புதிதல்ல.

‘சேங் சத்தவத்’ பிறந்த விதம் கொஞ்சம் விசித்திரமானது. மொசார்ட் பிறந்து 250 ஆண்டு ஆனதை 2006இல் வியன்னா நகரம் கொண்டாடியது. அந்த விழாவுக்காகப் பல நாட்டு இயக்குநர்களிடம் படம் கேட்டார்கள். இந்தோனேசியா, ஈரான், சாட், பராகுவே என்று ஒரு கலவை. தாய்லாந்திலிருந்து இவர். எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலையில், தன் பெற்றோர் காதலர்களாவதற்கு முந்தைய நாட்களை இவர் கற்பனை செய்தார். படத்துக்கு இரண்டு பாதி. முதல் பாதி மரமும் வெயிலுமாக ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரி. இரண்டாவது பாதி பாங்காக்கில் வெள்ளைச் சுவரும் குழல் விளக்குமாக ஒரு நவீன ஆஸ்பத்திரி. இரண்டிலும் ஒரே மாதிரியான பேச்சுகள் திரும்ப வருகின்றன, ஆனால் வேறு வெளிச்சத்தில்.

படத்துக்கான பணம் இப்படி வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இது உதவப் போகிறது.

இன்னொரு பக்கம் சட்டம். தாய்லாந்தில் சினிமாவை அப்போது ஆண்டது 1930ஆம் ஆண்டுச் சட்டம். மன்னருக்கு முழு அதிகாரம் இருந்த காலத்தில் எழுதியது. தணிக்கை நெடுங்காலம் போலீஸ் கையில் இருந்தது. வயதுவாரிச் சான்றிதழ் கிடையாது. வெட்டு, அல்லது தடை, அல்லது போகலாம்: அவ்வளவுதான்.

2006 வெனிஸ் விழா செப்டம்பர் 9 அன்று முடிந்தது. முதல் பரிசான தங்கச் சிங்கம் ஒரு சீனப் படத்துக்குப் போனது. ஆனாலும் வெனிஸ் போட்டிப் பிரிவில் நுழைந்த முதல் தாய்லாந்துப் படம் என்ற பேர் நின்றது. பத்தே நாளில், செப்டம்பர் 19 அன்று, பாங்காக்கில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது.

## கவனித்தது: நான்கு காட்சிகள்

2007 மார்ச்சில் ஹாங்காங்கில் முதலாவது ஆசியத் திரைப்பட விருதுகள் வழங்கப்பட்டன. சிறந்த படத்தொகுப்புக்கான விருது இந்தப் படத்துக்கு. அடுத்த மாதமே ஊரிலுள்ள தணிக்கைக் குழு அதே படத்தொகுப்பைத் திருத்தச் சொன்னது. இதைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

வெட்டச் சொன்னவை நான்கு. ஒன்று, ஒரு பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, கிட்டார் வாசிக்கிறார். இரண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மது குடிக்கிறார்கள். மூன்று, ஒரு டாக்டர் தன் காதலியை ஆஸ்பத்திரியிலேயே முத்தமிடுகிறார், அவருடைய கிளர்ச்சி கால்சட்டைக்கு மேலாகத் தெரிகிறது. நான்கு, இரண்டு பிக்குகள் பூங்காவில் ரிமோட்டில் பறக்கும் பொம்மைத் தட்டை வைத்து விளையாடுகிறார்கள்.

படம் பார்க்காதவர்களுக்கு இந்தப் பட்டியல் ஏதோ கலகக்காரப் படத்தின் பட்டியல் போலக் கேட்கும். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். மதுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியின் அடித்தளம். செயற்கைக் கால்கள் வைத்திருக்கும் அறை. வயதான ஒரு பெண் டாக்டர், தொலைக்காட்சிப் பேட்டிக்குப் போக வேண்டுமாம், படபடப்பாக இருக்கிறதாம். ஒரு செயற்கைக் காலுக்குள் கையை விட்டு அங்கே ஒளித்து வைத்திருக்கும் புட்டியை எடுக்கிறார். குடிகாரக் கும்பல் எதுவும் இல்லை. களைத்துப்போன மனிதர்கள், வேலை நேரத்தில் ஒரு மிடறு. டாக்டர்களைக் கேவலப்படுத்துகிற காட்சி என்று இதைச் சொல்ல வேண்டுமென்றால், டாக்டர் என்றால் மனிதர் இல்லை என்று முதலில் நம்ப வேண்டும். டாக்டர் தம்பதியின் பிள்ளை தன் அப்பா அம்மாவை நினைத்து எடுத்த படம் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிக்கு விஷயம் இன்னும் வேடிக்கை. தாய்லாந்தில் காவி உடைக்கு இருக்கும் மரியாதை சாதாரணமானதல்ல, அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் 2005இல் ஒரு பிரபல காமெடி நடிகர் பிக்குவாக நடித்த வணிகப் படம் அதே நாட்டில் நன்றாகவே ஓடியது. அங்கே சிரிப்புக்கு ஒரு காரணம் இருந்தது, கடைசியில் ஒரு நீதியும் இருந்தது. இங்கே பிக்குகள் காரணமே இல்லாமல் சும்மா விளையாடுகிறார்கள். குழுவை உறுத்தியது அந்த ‘சும்மா’தான் என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில் வெனிஸ் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. குழுவின் முன்னால் இருந்தது பரிசுச் சான்றிதழ் அல்ல, நான்கு காட்சிகள். அதிலும் வெளிநாட்டுப் பேர் சில நேரம் எதிராகவே வேலை செய்யும்: ‘வெளியாட்களுக்குக் காட்ட நம் பிக்குகளையும் டாக்டர்களையும் இப்படியா எடுப்பது’ என்ற மனப்பான்மை தாய்லாந்துக்கு மட்டும் சொந்தமானதல்ல.

## முதல் முடிவு: படத்தைத் திரும்பப் பெறுவது

இயக்குநர் முன்னால் இருந்த வழிகள் மூன்று. வெட்டிவிட்டு வெளியிடலாம், கெஞ்சிப் பேசிப் பார்க்கலாம், வெளியீட்டையே விடலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். படங்கள் தன் பிள்ளைகள் மாதிரி, சொந்த நாட்டில் வாழ முடியாவிட்டால் வேறெங்காவது சுதந்திரமாக வாழட்டும் என்ற கருத்தில் ஓர் அறிக்கை விட்டார்.

இதை வெறும் மான உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கும் இருந்திருக்கும். படத்தின் பணம் தாய்லாந்து வசூலை நம்பி வரவில்லை; ஆஸ்திரியாவும் பிரான்சும் சேர்ந்து போட்டது. உள்ளூர் ஸ்டுடியோவின் பணமாக இருந்திருந்தால், தயாரிப்பாளர் முதல் வாரமே வெட்டிக் கொடுத்திருப்பார், இயக்குநரால் தடுத்திருக்க முடியாது. முடியாது என்று சொல்ல மனசு மட்டும் போதாது, மடியில் கனம் இல்லாமலும் இருக்க வேண்டும்.

விலையும் இருந்தது. ஆஸ்கரின் பிறமொழிப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்ப முடிந்தது. அன்றைய விதிப்படி அந்தப் படம் சொந்த நாட்டுத் தியேட்டரில் தொடர்ந்து ஏழு நாளாவது கட்டணம் வாங்கி ஓடியிருக்க வேண்டும். உள்ளூர் வெளியீட்டை விட்டால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். கான், வெனிஸ் போன்ற விழாக்களில் நிலைமை வேறு; அங்கே உள்ளூர்ச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. ‘சர்வதேச விருது’ என்று ஒரே சொல்லில் பேசுகிறோமே, அதற்குள் உள்ளூர்த் தணிக்கையைத் தாண்டி வர வேண்டியவை எவை, தாண்டாமலே போகக்கூடியவை எவை என்று பிரித்துப் பார்ப்பது முதல் வேலை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. வெட்டினால்தான் பிரதியைத் திருப்பித் தருவோம் என்றது குழு. பார்வைக்குக் கொடுத்த பிரிண்ட் பிணைக் கைதி ஆகிவிட்டது.

## இரண்டாவது முடிவு: ஒரு படத்திலிருந்து ஒரு சட்டத்துக்கு

அதே சமயம் 1930 சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ராணுவ ஆட்சி நியமித்த சட்டப்பேரவையின் கையில் அது இருந்தது. வயதுவாரிச் சான்றிதழ் வரும் என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் சமூக ஒழுங்கு, நல்லொழுக்கம், நாட்டின் பாதுகாப்பு, நாட்டின் பெருமை ஆகியவற்றுக்குப் பாதகம் என்றால் வெட்டவும் தடை செய்யவும் அரசுக்கு உள்ள அதிகாரம் அப்படியே தொடரும்.

இயக்குநர் தன் படத்துக்காக மட்டும் பேசுவதை நிறுத்தினார். வேறு இயக்குநர்களும் சினிமா அமைப்புகளும் சேர்ந்து ‘சுதந்திரத் தாய்லாந்து சினிமா’ என்றொரு இயக்கம் தொடங்கினார்கள். இணையத்தில் மனு போட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். தவறு செய்தால் தண்டிக்க வேறு சட்டங்கள் இருக்கும்போது படத்தைத் தடை செய்யும் உரிமை அரசுக்கு எதற்கு என்பது இயக்குநரின் வாதம்.

பதிலுக்குப் பண்பாட்டு அமைச்சக அதிகாரி ஒருவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிடம் பேசினார். தாய்லாந்து ரசிகர்கள் படிப்பறிவு உள்ளவர்கள் அல்ல, அறிவுஜீவிகள் அல்ல, அதனால்தான் சான்றிதழ் முறை வேண்டும் என்றார். இந்த இயக்குநரின் படங்களை யாரும் பார்ப்பதில்லை, எங்கள் மக்களுக்குக் காமெடிதான் வேண்டும் என்றும் சொன்னார். சரி, யாருமே பார்க்காத படத்தில் நான்கு காட்சிகள் இருந்தால் யாருக்கு என்ன கெட்டுவிடும்? அதற்கு அந்தப் பேட்டியில் பதில் இல்லை. ஆனால் அந்த ஒரு பேச்சு இயக்கத்துக்குப் பத்து அறிக்கை செய்யாத வேலையைச் செய்தது.

அதே ஆண்டில் பாங்காக்கிலுள்ள பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் ஃபிரான்சேஸில் இரண்டு முறை படம் தனிப்பட்ட முறையில் காட்டப்பட்டது. நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே இயக்குநர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். சுதந்திரம் இல்லை, ஜனநாயகம் இல்லை, அமைதி இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

2007 டிசம்பர் 20 அன்று சட்டம் நிறைவேறியது. தடை அதிகாரமும் அதற்குள்ளேயே இருந்தது.

## மூன்றாவது முடிவு: கறுப்புச் சட்டகம்

எனக்கு இந்தச் சம்பவத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

புதுச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குள், 2008 தொடக்கத்தில், படம் மறுபடியும் குழுவின் முன் போனது. குறையும் என்று எதிர்பார்த்தால் கூடியது. நான்கோடு இன்னும் இரண்டு சேர்ந்தன: ஆஸ்பத்திரி வளாகத்தில் நிற்கும் அரச குடும்பத்தினர் சிலைகள் தெரியும் காட்சிகள். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, சிலை நிற்கிறது, அவ்வளவுதான். மொத்தம் ஆறு.

இந்த முறை இயக்குநர் ஒத்துக்கொண்டார், ஆனால் தன் வழியில். சாதாரணமாக வெட்டு என்றால் முன்னும் பின்னும் ஒட்டிவிடுவார்கள். பார்ப்பவருக்கு ஏதோ தாவுகிறதே என்று தோன்றும். என்ன போனது, எவ்வளவு போனது என்று தெரியாது. தணிக்கையின் பாதி பலமே அந்த ஒட்டுவேலையில்தான் இருக்கிறது. இவர் ஒட்டவில்லை. வெட்டிய இடத்தில், வெட்டிய நேரத்துக்கு, கீறல் விழுந்த கறுப்புப் படச்சுருளைச் சேர்த்தார். சத்தமும் கிடையாது.

2008 ஏப்ரல் 10 அன்று பாங்காக்கில் மிகச் சிறிய அளவில் இந்தப் பிரதி வெளியானது. இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பிக்குவைப் பார்க்கிறார், திரை கறுக்கிறது, கீறல்கள் ஓடுகின்றன. பக்கத்து இருக்கையில் இருமுகிறவர் சத்தம் கேட்கிறது. புரொஜெக்டர் கெட்டுவிட்டதோ என்று ஒரு நொடி. அப்புறம் புரிகிறது. கிட்டார் வாசிப்பதைப் பார்த்திருந்தால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்திருப்பார். இதை மறக்க மாட்டார்.

சட்டப்படி இதில் குறை சொல்ல முடியாது. குழு கேட்டது வெட்டு, கொடுத்தது வெட்டு. அந்த இடத்தில் என்ன வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

எதிர்வாதம் ஒன்றும் உண்டு. உறுதியாக நின்றவர் கடைசியில் வளைந்துவிட்டார், வெட்டுக்குச் சம்மதித்ததே தவறு என்று சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு வருடம் படம் வராமலே இருந்தது. அந்தக் காலத்தில் ‘தடை செய்த படம்’ என்ற சொல்தான் ஊரில் இருந்தது, படம் இல்லை. கறுப்புச் சட்டகம் இரண்டையும் ஒரே அறையில் காட்டியது.

## பின்விளைவு

புதுச் சட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. வயதுவாரிச் சான்றிதழ் 2009இல் தொடங்கியது. 13, 15, 18 என்று பரிந்துரைகள், 20 வயதுக்குக் கீழே அனுமதியில்லை என்று ஒரு படி, அதற்கும் மேலே தடை. அதே ஆண்டு டொரண்டோ விழா அமைப்பின் சினிமாதேக் நடத்திய கருத்துக்கணிப்பில், 2000 முதலான பத்தாண்டின் சிறந்த படமாக ‘சேங் சத்தவத்’ முதலிடம் பெற்றது.

2010 மே மாதம் பாங்காக் தெருக்களில் ராணுவம், அரசை எதிர்த்த ‘செஞ்சட்டை’ அணியினரின் போராட்டத்தை ஒடுக்கிக்கொண்டிருந்தபோது, இயக்குநர் கானுக்குப் போய்ச் சேர்ந்தார். மே 23 அன்று அவருடைய அடுத்த படம் கானின் முதல் பரிசான தங்கப் பனையை வென்றது. தாய்லாந்துக்கு முதல் முறை. அந்தப் படம் ஜூனில் ஊரில் வெளியானது. அந்த ஆண்டு ஆஸ்கருக்குத் தாய்லாந்து அனுப்பியதும் அதையேதான். பரிந்துரைப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் பிரதியைத் திருப்பித் தர மறுத்த நாடு, அதே ஆளின் படத்தைத் தன் பெயரில் அனுப்பியது.

இதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவுக்கு வரக் கூடாது. அதே 2010இன் இறுதியில், குடும்பம் ஒன்றையும் அதிலுள்ள ஒரு திருநங்கையையும் பற்றிய வேறொரு படம் புதுச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. வழக்கு 2015 வரை இழுத்தது. சில நொடிகள் ஓடும் ஒரு துண்டை எடுத்தால் 20 வயதுக்கு மேற்பட்டோருக்குக் காட்டலாம் என்று தீர்ப்பு வந்தது. படம் வெளியானது 2017இல். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றைத் தழுவிய படம் 2012இல் தடையாகி, 2024இல்தான் நீதிமன்றத்தில் மீண்டது. அந்தப் படத்துக்கு அரசு நிதியும் வந்திருந்தது.

நம் இயக்குநரின் வழியும் திரும்பியது. 2014இல் மறுபடியும் ராணுவ ஆட்சி. 2015இல் கானில் திரையிட்ட தன் படத்தை ஊரில் வெளியிட வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். அடுத்த முழுநீளப் படத்தைக் கொலம்பியாவில், ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் எடுத்தார். 2021இல் அது கானில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. ஆஸ்கருக்கு அதை அனுப்பிய நாடு கொலம்பியா.

தாய்லாந்து மொழிப் படம் ஒன்று ஆஸ்கரின் 15 படக் குறும்பட்டியலில் முதன்முதலாக ஏறியது 2024 டிசம்பரில். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையிலான குடும்பக் கதை, பெரிய வணிக ஸ்டுடியோ தயாரிப்பு, உள்ளூரிலும் அண்டை நாடுகளிலும் நன்றாக ஓடிய படம். அதன் தகுதியைக் குறைத்துச் சொல்லவில்லை. தணிக்கையோடு மோத வேண்டிய அவசியமே இல்லாத படம் அது என்பதைக் குறித்துவைக்கிறேன், அவ்வளவுதான்.

## திரும்ப நடந்தால் எதை மாற்றலாம்

முதலாவது, காலம். வெனிஸுக்கும் தணிக்கைக்கும் இடையே ஏழு மாதம். அதற்குள் ஆட்சியே மாறிவிட்டது. விழாவில் தேர்வான செய்தி சூடாக இருக்கும்போதே உள்ளூர் விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கலாம். முடிவு மாறியிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஆட்சி அன்றைக்கு வேறு.

இரண்டாவது, பிரதி. 35 மி.மீ. பிரிண்டைத் தணிக்கைக்குக் கொடுக்கும்போது, அது திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே கொடுக்க வேண்டும். இன்று கோப்பாகக் கொடுக்கிற காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றலாம். கொடுத்த கோப்பு, அனுமதி பெற்ற கோப்பு, விழாவுக்குப் போன கோப்பு மூன்றும் ஒன்றா என்று எவராவது கேட்டால் காட்டக் கையில் பதிவு வேண்டும்.

மூன்றாவது, துணை. டாக்டர்களின் மானத்துக்காக வெட்டு என்றால் டாக்டர்களிடமே படத்தைக் காட்டி, அவர்கள் வாயால் பேச வைத்திருக்கலாம். பிக்குகளுக்கும் அதேதான். இயக்கத்தில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் சினிமாக்காரர்கள். அமைச்சகத்துக்கு அவர்களை ஒதுக்கித் தள்ளுவது சுலபம். யாரும் பார்க்காத படம் எடுப்பவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். செயற்கைக் காலுக்குள் புட்டி வைத்த காட்சியைப் பார்த்து முப்பது வருட அனுபவமுள்ள ஒரு டாக்டர் சிரித்திருந்தால், அந்த வரியை அவரிடம் சொல்ல முடியாது.

நான்காவது பற்றி எனக்கே இரண்டு மனம். தடை அதிகாரமே கூடாது என்று இயக்கம் நின்றது, கொள்கையாக அது சரி. ஆனால் நியமன உறுப்பினர்கள் மட்டுமே இருந்த ஓர் அவையில் அது நடக்காது என்று தெரிந்த பிறகு, ‘நாட்டின் பெருமை’ போன்ற தொளதொளச் சொற்களையாவது வெளியே எடுக்கப் போராடியிருக்கலாமா? அப்படிப் பேரம் பேசியிருந்தால் மீதியை ஒத்துக்கொண்டதாக ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது. மேலே சொன்ன 2010, 2012 படங்களைத் தடுத்தவர்கள் கையில் எடுத்தது அந்தச் சட்டத்தைத்தான்.

கறுப்புச் சட்டகத்தை மட்டும் மாற்ற மாட்டேன்.